இடாப்பில் எமது பெயர்

"எங்களுக்கு இந்த அரசியல் ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லும் குடும்பங்கள் எம்மவர் மத்தியில் பல. நாமும் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தோம். அதற்கான காரணத்தை எமது பிள்ளைகளுக்குக்கூடச் சொன்னதில்லை.

லண்டனில் தங்குவதற்கு அனுமதி கிடைத்த முதல் வருடமே கவுன்சிலிலிருந்து ஒரு படிவம் வந்தது. வீட்டில் இருப்பவர்களை வாக்காளராகப் பதிவதற்கான படிவம் அது. குசினி லாச்சிக்குள் போட்டு மூடினோம். அடுத்த வருடம் வந்ததும் அங்கேதான் போனது.

1983 யூலையில் நாம் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தோம். கொளுத்த வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த இலக்க வீட்டில் தமிழர் என்று அவர்கள் எவரிடமும் விசாரிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்ததால் உயிர் தப்பினோம். அதற்கு முன்னர் 1981 இல், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கையில்தான் யாழ். நூலகமும் எரிக்கப்பட்டது. பிறகு ஊரிலே ஒரு பக்கம் சாய்ந்து கதைத்தால் மறுபக்கம் பகை. வாய் திறவாதிருக்கப் பழகினோம். சூடு கண்ட பூனை அடுப்படி நாடாது அல்லவா?

ஆகவே, ஒதுங்கி நிற்பவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று நாம் சொல்லமாட்டோம்.

மூத்த மகளுக்கு 18 வயதான வருடம் அவள் தானே படிவத்தை நிரப்பினாள். "அம்மா, உங்கட பேரும் அப்பாவின்ர பேரும் ஏன் இதில இல்லை?" என்று கேட்டாள். அன்றிரவு எல்லாவற்றையும் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேர் பதிஞ்சது உங்கட பிழை இல்லையே அம்மா" என்றாள். மூன்று பெயர்களையும் எழுதி அனுப்பினோம். வாக்களிக்கும் அன்று பென்சில் பிடித்த கை நடுங்கியது உண்மை.

புதிதாக வந்தவர்கள் சில விடயங்களை அறிந்திருப்பது நல்லது. பிரித்தானியாவில் வாக்களிக்கப் பிரஜாவுரிமை கட்டாயமில்லை. இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், தங்கும் அனுமதி பெற்ற, 18 வயது நிரம்பிய இலங்கையர் பொதுத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் அனுமதியின்றி இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. எவரும் விலைக்கு வாங்கக்கூடிய திறந்த இடாப்பில் தமது பெயர் வேண்டாம் என்று கேட்கலாம். உயிராபத்து உள்ளவர்கள் அதற்குச் சான்று காட்டி, பெயரை மறைத்துப் பதியவும் வழி உண்டு. படிவத்துக்குப் பதில் அனுப்பாவிட்டால் தண்டப்பணம் வரலாம். ஆனால் வாக்களிப்பது அவரவர் விருப்பம்.

வாக்களியுங்கள் என்று நாம் வற்புறுத்தவில்லை. எம்மைப்போலப் படிவத்தை லாச்சிக்குள் வைத்திருப்பவர்கள் முதலில் பிள்ளைகளுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். பிறகு ஆறுதலாக முடிவு செய்யுங்கள்.