உள்ளிருக்கும் விருந்தினர்

மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்வது பங்குத்தந்தையின் கடமை. எனக்கு அது ஒரு கல்விக்கூடமும்கூட. வீட்டுக்கு வீடு கட்டில் வேறு, முகம் வேறு. ஆனால் கட்டிலருகே இருக்கும் முக்காலி மட்டும் எங்கும் ஒன்றுபோலவே இருக்கிறது: மாத்திரைப் பெட்டி, செபமாலை, ஒரு பொட்டலம் பிஸ்கட், ஆறிய பாலில் ஊறிய ரொட்டி.

சென்ற தவக்காலத்தில், எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி நற்கருணை வாங்கியபின் என் கையைப் பற்றிக்கொண்டார். ஏதோ மனக்குறையைச் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"சாமி, ஒரு பிடி மொச்சைக்கொட்டை வேகவைத்துத் தரச் சொல்லுங்க. ரொட்டி தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு."

மகன் பதறினார். "பல்லில்லை சாமி. செரிக்காது. மெதுவானதாகப் பார்த்துத்தான் கொடுக்கிறோம்."

அன்பினால் சொன்ன சொல்தான். ஆயினும் அது என்னைச் சுட்டது. அதே சொல்லை நானும் சொல்லியிருக்கிறேன்.

என் தாய் தம் இறுதி ஆண்டுகளைத் தம்பியின் வீட்டில் கழித்தார். பார்க்கச் செல்லும்போதெல்லாம் சத்துப்பான டப்பாவும் பிஸ்கட்டும் வாங்கிச் செல்வேன். அவர் கேட்டதோ கம்பங்கூழும் வாழைத்தண்டுப் பொரியலும். "இந்த வயதில் அதெல்லாம் எதற்கம்மா?" என்று சிரித்தபடியே மறுத்துவிடுவேன். மலச்சிக்கலால் அவதிப்பட்டார்; சளியும் காய்ச்சலும் அடிக்கடி வந்தன. உணவுதான் காரணம் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் அவர் மறைந்தபின் நான் படித்தவை, மறுத்த அந்தக் கூழை நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன.

நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. தானியம், பயறு, கீரை, வெங்காயம், பூண்டு, வாழைக்காய் முதலியவற்றிலுள்ள நார்ச்சத்தை நம்மால் செரிக்க இயலாது. அது சிறுகுடலைக் கடந்து, அந்த விருந்தினருக்கே உணவாகிறது. நன்மை செய்யும் நுண்ணுயிர்களை இவ்வாறு வளர்க்கும் உணவுக்கூறுகளுக்கு 1995-இல் அறிஞர்கள் 'பிரிபயாடிக்' என்று பெயரிட்டனர். நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச்செய்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை அதிலிருந்தே பெறுகின்றன. நம் நோயெதிர்ப்புச் செல்கள் பல குடலை ஒட்டியே காவல் நிற்கின்றன. எப்போது எதிர்ப்பது, எப்போது அடங்குவது என்று அக்காவலரைப் பழக்குவதிலும் இவ்வமிலங்களுக்குப் பங்குண்டு.

விருந்தினருக்கு உணவிடாவிட்டால்? 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நார்ச்சத்து கொடுக்கப்படாத எலிகளின் குடலில், நுண்ணுயிர்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. பசித்த விருந்தாளி வீட்டுச் சுவரையே அரித்துவிடுகிறான்!

அயர்லாந்தின் கார்க் நகர அறிஞர்கள் 178 முதியோரை ஆராய்ந்து, 2012-இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். சொந்த வீட்டில் பலவகை உணவு உண்டு வாழ்ந்தவர்களின் குடலில் நுண்ணுயிர்களும் பலவகையாய் இருந்தன. பராமரிப்பு இல்லங்களில் நெடுங்காலம் தங்கியவர்களிடம் அந்தப் பன்மை குறைந்திருந்தது. உடல் தளர்ச்சியும் அழற்சியின் அறிகுறிகளும் மிகுந்திருந்தன. எது காரணம், எது விளைவு என்பதை இத்தகைய ஆய்வு முற்றாக நிறுவிவிடாது. ஆனால் தட்டில் வகை குறைந்தால் உள்ளேயும் வகை குறைகிறது என்ற எச்சரிக்கை அதில் உண்டு.

இதை அற்புத மருந்தென்று எவரும் எண்ணவேண்டாம். 2024-இல் வெளியான இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வில், 60 வயது கடந்த 36 இரட்டையர் இணைகள் 12 வாரங்கள் பங்கேற்றனர். பிரிபயாடிக் உண்டவர்களிடம் நல்ல நுண்ணுயிர்கள் பெருகின. நினைவாற்றல் சோதனைகளில் சற்று முன்னேற்றம் தெரிந்தது. தசை வலிமையிலோ மாற்றம் இல்லை. நோய்த்தொற்றைத் தடுக்கும் என்பதற்கான சான்றுகளும் இன்னும் ஒருமுகப்படவில்லை. ஆகவே 'உதவக்கூடும்' என்பதே நேர்மையான சொல்.

இவற்றையெல்லாம் படித்தபோது என்னைக் கலங்கவைத்தது வேறொரு செய்தி. தாய்ப்பாலில் லாக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடி மிகுதியாக இருப்பது ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள். பச்சிளங் குழந்தையால் அவற்றைச் செரிக்க இயலாது. அவை குழந்தையின் குடலில் குடியேறும் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன! படைத்தவரின் பரிவு எத்தகையது! என் தாய் எனக்கு மட்டுமா பாலூட்டினார்? என்னுள் இருந்த, அவர் அறியாத விருந்தினருக்கும் சேர்த்தே ஊட்டினார். அவர் முதுமையுற்றபோது, அவருள் இருந்த விருந்தினரை நான் பட்டினி போட்டேன்.

உடலின் வலுவற்ற உறுப்புகளே மிகத் தேவையானவை என்று கொரிந்தியருக்கு எழுதினார் புனித பவுலடியார். குருமடத்தில் அதைத் திருச்சபையைப் பற்றிய உவமையாகவே படித்தேன். இப்போது அது குடலுக்கும் பொருந்துகிறது; வீட்டின் மூலையில் கிடக்கும் கட்டிலுக்கும் பொருந்துகிறது. யாயீரின் மகளை உயிர்ப்பித்தபின் ஆண்டவர் சொன்னது என்ன? அவளுக்கு உண்ணக் கொடுக்கச் சொன்னார். புதுமையைச் செய்தவர் சமையலறையை மறக்கவில்லை.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டி. பல்லில்லாதவருக்கு வழி இல்லாமலில்லை. இரவெல்லாம் ஊறிய பயறு குழைய வெந்து மசிக்கப்பட்டால், கீரை கடையப்பட்டால், கம்பு கூழானால் ஈறே போதும். மெல்ல மெல்லக் கூட்டவேண்டும்; போதிய தண்ணீரும் வேண்டும். விழுங்க இயலாதவர், குடலடைப்பு கண்டவர், சிறுநீரக நோயாளர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும்.

பாஸ்கா கழிந்து வந்த முதல் வெள்ளியன்று மீண்டும் அந்த வீட்டுக்குச் சென்றேன். முக்காலியில், செபமாலைக்கு அருகே, ஒரு சிறு கிண்ணத்தில் பூண்டு சேர்த்து மசித்த மொச்சை இருந்தது. "உப்புத்தான் கொஞ்சம் குறைச்சல் சாமி" என்று அந்தத் தாய் சிரித்தார். மகனும் சிரித்தார். நானும் சிரிக்கவே முயன்றேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கட்டில் இருக்கலாம். இன்று அதன் அருகே அமர்ந்து, "என்ன சாப்பிட ஆசை?" என்று கேளுங்கள். நான் மறுத்த கிண்ணத்தை நீங்களாவது நிரப்புங்கள்.