எதிலிருந்து அளந்த உயரம்?

பெரியாற்று நீரை நம்பி வாழும் மதுரை நாட்டார்க்கு 142 என்னும் எண் மனப்பாடம். முல்லைப்பெரியாற்று அணையில் அத்தனை அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆற்றில், அவ்வணைக்குக் கீழே அமைந்த இடுக்கி அணையின் முழு மட்டமோ 2,403 அடி என்று சொல்லப்படுகின்றது. விஷயமறியாதான் ஒருவன் இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பானாயின், பெரியாறு மேல்நோக்கி ஏறிச் செல்கின்றதோ என்று மயங்குவான். உண்மை யாதெனில், முன்னது அணையின் அடிப்புறத்திலிருந்தும், பின்னது கடல் மட்டத்திலிருந்தும் அளக்கப்பட்டவை. இரண்டும் பிழையற்ற எண்கள். எதிலிருந்து என்பதைச் சொல்லாவிடில் இரண்டும் மயக்கத்திற்கே இடமாவன.

இதனை யாம் அணைக்கட்டில் கற்றிலேம். கட்டிடங்களின் கூரைக்கடியில் கற்றோம். இக்கல்லூரியில் பயின்று வெளியேறிய யாம் சிலர், கட்டிடங்களுக்குக் குளிர்காற்று வழிகளைக் கணினியில் வரையும் தொழிலில் இருக்கின்றோம். மதுரையின் சித்திரை வெயிலை முன்னோர் உயர்ந்த கூரையாலும் தடித்த சுவராலும் தாழ்வாரத்தாலும் தணித்தனர். திருமலை நாயக்கர் மஹாலின் தூண்களிடையே நின்றோர் அதனை அறிவர். இக்காலத்துக் கட்டிடங்களிலோ கூரை தாழ்ந்தது. டக்ட் என்று வழங்கும் தகரக் காற்றுவழி, மேலே கான்கிரீட் பீமுக்கும் கீழே பால்ஸ் சீலிங்குக்கும் இடைப்பட்ட சிறு சந்தில் ஓடவேண்டும். அச்சந்தில் கழிவுநீர்க் குழாய், தீயணைப்புக் குழாய், மின்கம்பித் தட்டு ஆகியனவும் இடம் கேட்கும்.

எதற்கு முதலிடம்? கழிவுநீர்க் குழாய்க்கே. 100-க்கு 1 என்னும் சரிவில் 12 மீட்டர் ஓடினால் அது 120 மி.மீ. தாழ்ந்தே தீரும், நீரை மேலே ஏறச் சொல்லுதல் இயலாது. டக்ட் வளைந்து கொடுக்கும். ஆயினும் வளைவுதோறும் காற்றின் அழுத்தம் குறைய, விசிறி மிகுதியாக உழைக்க நேரும். மின்கம்பியே யாவற்றினும் பொறுமையுடையது.

ஒரு கணக்குப் பார்ப்போம். பூச்சு முடிந்த தரையிலிருந்து சீலிங் 2,800 மி.மீ. உயரத்திலும், பீமின் அடி 3,400 மி.மீ. உயரத்திலும் உள்ளன. இடைவெளி 600. சீலிங் சட்டத்திற்கும் விளக்கிற்கும் 100 விடுவோம். டக்ட்டின் ஆழம் 400. நீர்த்துளி படியாதவாறு சுற்றும் இன்சுலேஷன் உறை மேலும் கீழும் 25 வீதம் 50. ஆகவே உறையின் அடி 2,900-இலும், மேற்புறம் 3,350-இலும் நிற்கும். பீமுக்கடியில் எஞ்சுவது 50 மட்டுமே.

ஒரு கட்டிடத்தில், பிறர் வரைந்த படத்தில், 2,900 என்ற எண் மட்டும் தனித்து நின்றது. தகர வேலை செய்யும் பெரியவர் ஒருவர், துளையிடுமுன் ஏணிமேல் நின்றபடியே எம்மை அழைத்து, “தம்பி, இது அடி மட்டமா, நடு மட்டமா?” என்று கேட்டார். அக்கேள்வியின் விலை இது: நடு என்று கொண்டிருந்தால், உறையின் அடி 2,675-க்கு இறங்கி, சீலிங்குக்குக் கீழே 125 மி.மீ. தொங்கியிருக்கும். 75 மி.மீ. தரைப்பூச்சு இடப்படாத வெறுங் கான்கிரீட்டிலிருந்து அளந்திருந்தால், விளக்கிற்கு விட்ட 100-இல் 25 மட்டுமே மிஞ்சியிருக்கும். இவ்வாறு சிக்கிய இடத்தில், பீமைக் கொத்தி வழிவிடச் சொல்லும் அவசரக்காரரும் உளர். மேல்தளத்தையும் அதன்மேல் நடமாடும் மக்களையும் தாங்குவது அந்த பீமே என்பதை அவர் மறந்துவிடுகின்றனர்.

ரெவிட் என்னும் மென்பொருள் ஒவ்வொரு டக்ட்டையும் ஒரு தளமட்டத்தோடு பிணைத்து, அதன் அடி, நடு, மேல் ஆகிய உயரங்களைத் தனித்தனியே காட்டுகின்றது. காற்று கிளைகளிற் பிரியப் பிரிய, 400 ஆழம் 300 ஆகும். நடுவை நிலையாகக் கொண்டால் அடி 50 உயரும். அடியை நிலையாகக் கொண்டால் மேற்புறம் 100 இறங்கும். எதனை நிலையாகக் கொள்வது என்பதை வரைபவரே தீர்மானித்தல் வேண்டும். நேவிஸ்வொர்க்ஸ் என்னும் மற்றொன்று, எது எதனோடு மோதும் என்பதைச் சுட்டிக்காட்டும். ஆயின், தாளிலுள்ள எண்ணை ஏணிமேல் நிற்பவர் எவ்வாறு பொருள்கொள்வார் என்பதை அது காட்டாது. ஆதலின், எம் படங்களில் எண்ணுக்கருகே, “முடிந்த தரையிலிருந்து உறையின் அடி வரை” என்று சொற்களாலும் எழுதுதல் வழக்கம். இதனை மிகை என்று நகைப்போர் உண்டு.

கொத்தனாரோ நகைப்பதில்லை. அவர் டியூப் மட்டம் வைத்துத் தூண்தோறும் ஒரே உயரத்தில் ஒரு கோடு இடுவார். தரையும் ஜன்னலும் சீலிங்கும் அக்கோட்டிலிருந்தே அளக்கப்படும். பல தொழிலாளர் ஒரு கூரையின் கீழ்ச் சண்டையின்றி வேலை செய்வது அக்கோட்டினாலேதான். ரயில் நிலையத்தின் மஞ்சட் பலகையிலும், ஊர்ப்பெயருக்குக் கீழே உயரத்தின் எண் தனித்து நிற்பதில்லை. அது கடல் மட்டத்திலிருந்து அளந்தது என்னும் குறிப்பும் உடன் நிற்கும். அடுத்த முறை விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், வண்டி வரும்வரை அதனைச் சற்றே நோக்குவார்களாக.