நூற்றுக்கு எண்பத்தாறு

எங்கள் கராஜில் கம்ப்ரெஷன் கேஜ் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு அட்டைத்துண்டு ஒட்டியிருக்கும். என் கையெழுத்துதான்: 'ஹட்டன் – நூற்றுக்கு எண்பத்தாறு.' புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் அதைச் சம்பளத்தில் பிடிக்கும் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அது காற்றின் கணக்கு.

கொழும்பில் காற்றின் அழுத்தம் 1.01 பார். ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஹட்டனில் 0.87 பார்தான். 1,868 மீட்டரில் இருக்கிற நுவரெலியாவுக்குப் போனால் 0.81. அதே பிஸ்டன் அதே அளவு இழுத்தாலும், ஹட்டனில் சிலிண்டருக்குள் வருகிற காற்று ஏழில் ஒரு பங்கு குறைவு.

இந்தக் கணக்கைப் படிக்க ஒரு நல்ல என்ஜினை அநியாயமாகப் பிரித்தேன். தொழில் பழகிய புதிது. கேஜ் வைத்துப் பார்த்தால், ஜப்பான் கையேடு சொன்ன எண்ணைவிட நாலு சிலிண்டரும் குறைவு. ரிங் போய்விட்டது என்று சொல்லி இறக்கிவிட்டேன். உள்ளே பார்த்தால் சிலிண்டர் சுவரில் கம்பெனி போட்ட ஹோனிங் கோடுகள் அழியாமல் இருந்தன. எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் ஒரு சிங்களப் பெரியவர். மேசன் பாஸ், தச்சு பாஸ் போல எங்கள் பக்கம் மெக்கானிக்கும் பாஸ்தான். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நாலும் ஒரே மாதிரியா தேயும், தம்பி?" என்று மட்டும் கேட்டார். நாலும் சமமாகக் குறைந்தால் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும், ஒன்று மட்டும் குறைந்தால்தான் என்ஜினைப் பார்க்க வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது. அட்டை அன்று எழுதியது.

இன்னொரு விதத்தில் காற்று எங்கள் குடும்பத் தொழில். அப்பா தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், ஃபிட்டர். கொழுந்து வாட ஒரு காற்று, காய இன்னொரு காற்று. இரண்டையும் ஓட்டுகிற ஃபேன்களின் பெல்ட்டும் பேரிங்கும் அவர் பொறுப்பு. பழைய ஸ்டோர்களின் டிரையரில் 'சிரோக்கோ' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அசாம் பக்கம் கச்சாரில் தேயிலை வளர்த்த சாமுவேல் டேவிட்சன், 1881இல் பெல்ஃபாஸ்டில் தொடங்கிய பட்டறையின் பெயர் அது. நடுவில் காற்றை வாங்கி விளிம்பில் வீசுகிற ஃபேன்களைச் செய்து பெயர் எடுத்தவர் அவர். என்ஜினுக்குள் காற்றை அடைக்கிற டர்போவின் கம்ப்ரெஸர் சக்கரத்தை முதன்முதலில் கையில் எடுத்தபோது, அப்பாவின் ஃபேனை உள்ளங்கைக்குச் சுருக்கியது போல இருந்தது. வேகத்தில்தான் வித்தியாசம். ஸ்டோர் ஃபேன் சுற்றுவதைக் கண்ணால் பார்க்கலாம். இது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும்.

சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905இல் டர்போவுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் இது தன் பலத்தைக் காட்டியது மலையில். 1918இல் சான்ஃபர்ட் மாஸ் என்ற அமெரிக்கர், விமான என்ஜின் ஒன்றை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்கு ஏற்றி ஓட்டிப் பார்த்தார். கீழே 350 குதிரைச்சக்தி தந்த என்ஜின் மேலே 230க்கு இறங்கியது. டர்போ பூட்டியதும் 356. வேகத்துக்கு என்று நாம் வாங்குகிற பொருள், மலையில் இழந்த மூச்சை மீட்கத்தான் அங்கே ஏறியது.

எங்கள் கராஜுக்கு ஒரு லான்சர் எவலூஷன் 3 வந்தபோது இதையெல்லாம் அதன் சொந்தக்காரருக்குச் சொன்னேன். 1995ஆம் ஆண்டு வண்டி. 1,997 சிசி 4ஜி63 என்ஜின், கம்பெனிக் கணக்கில் 270 குதிரைச்சக்தி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. நடுவில் இருந்த வருடங்களில், யாரும் சீந்தாமல் கிடந்த வண்டியெல்லாம் உயிர்பெற்று எங்களிடம் வந்தது. லான்சரின் சொந்தக்காரர் நுவரெலியாவில் மரக்கறி வியாபாரம் பண்ணுகிறவர். ஏப்ரல் சீசனில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஓட்ட ஆசை. 1934இல் தொடங்கிய போட்டி அது. சின்ன வயதில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று நாங்கள் பார்த்ததெல்லாம் வேறு யாருடையவோ கார்கள். இப்போது எங்கள் ஆள் ஒருவர் ஓட்டப்போகிறார் என்பதில் எனக்கும் ஒரு ரோசம் இருந்தது.

"அண்ணே, பெரிய டர்போ ஒன்னு போட்டுருவோமா? பஞ்சிகாவத்தையில பார்த்து வச்சிருக்கேன்."

"போடலாம் தம்பி. ஆனா அது முழிக்கிறதுக்குள்ள உங்க வளைவு முடிஞ்சிரும்."

டர்போவைச் சுற்றுவது புகைபோக்கிக் காற்று. சக்கரம் பெரிதானால் அதைக் கிளப்ப அதிகப் புகை வேண்டும். கொண்டை ஊசி வளைவில் என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது புகை குறைவு. டர்போ எழும்வரை அது சாதாரண என்ஜின்தான். மலையில் சாதாரண என்ஜின் மூச்சு வாங்கும். அதனால் கொழும்பில் ஒரு வினாடி தாமதிக்கும் டர்போ இங்கே இன்னும் அதிகம் தாமதிக்கும். தேயிலைக்காட்டு ரோட்டில் நேர்கோடே இல்லை. கம்பெனி டர்போவே இருக்கட்டும் என்றேன். அரை மனதோடு தலையாட்டினார்.

பிரிக்குமுன் செய்தது இரண்டு வேலை. கேஜ் வைத்தோம். அட்டைக் கணக்கைச் சேர்த்தால் மூன்று சிலிண்டர் சரி. மூன்றாவது நம்பர் மட்டும் கீழே. அடுத்து, ஏர் ஃபில்டர் பக்கக் குழாயை அடைத்துக் காற்றை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் பூசினோம். நாலு இடத்தில் நுரை கட்டியது. இருபத்தைந்து வருட ரப்பர் வேறென்ன செய்யும்? டர்போ அடைக்கும் காற்று அந்த வழியாகத் தப்பியோடினால், அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி இன்னும் சூடாகும். சில நூறு ரூபாய் கிளிப்பும் புது ஹோஸும் போட்டதே முதல் 'அப்கிரேட்'.

பிரித்தபோது மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. யாரோ பூஸ்டை, அதாவது டர்போ அடைக்கும் காற்றின் அழுத்தத்தை, கூட்டியிருக்கிறார்கள். ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் இடையில் விட வேண்டிய வெளியை விடவில்லை. சூட்டில் ரிங் நீளும். முனைகள் முட்டினால் போக இடமில்லாமல் பிஸ்டனை உடைக்கும். 85 மில்லிமீட்டர் துளைக்கு 0.4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விட்டேன். கையரத்தால் ஒரு ரிங்கைத் தேய்த்து, துளைக்குள் சமமாக வைத்து, ஃபீலர் கேஜ் விட்டு, மறுபடி எடுத்துத் தேய்த்து... ஒரு நாள் முழுக்க அதற்கே போனது. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு நான் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும்.

4ஜி63இல் கவனிக்க வேண்டியது இன்னொன்று: டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட். மெலிந்தது. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் வால்வும் பிஸ்டனும் மோதும். இரண்டையும் ஒன்றாக மாற்றாத வண்டியை நான் வெளியே விடுவதில்லை. டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாயும் அப்படித்தான். உள்ளே எண்ணெய் கருகிப் படிந்திருக்கும், கழுவி நம்பக்கூடாது.

பிறகு பிரேக். கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருகிறவர்களுக்கு அந்த வாசனை தெரியும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும். பனியும் மழையும் விடாத ஊரில் வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். மரக்கறித் தம்பி பெரிய டர்போவுக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம் பேட், டிஸ்க், ஹோஸ், டயருக்குப் போனது.

என்ஜின் எழுந்த பிறகு 95 பெட்ரோல் ஊற்றி, எக்ஸோஸ்டில் சென்சர் வைத்து, காற்று எரிபொருள் கலவையைப் பார்த்துப் பார்த்து டியூன் பண்ணினோம். பூஸ்ட் 1 பார். காலை வைத்ததும் வளைவிலிருந்து பிடித்துத் தள்ளியதுபோல் கிளம்பியது. "இதே டர்போவா அண்ணே?" என்றார். அதேதான்.

அன்றைக்கே சாவியைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பூஸ்டைக் கட்டுப்படுத்துகிற வேஸ்ட்கேட் ஸ்பிரிங், வெளிக்காற்றுக்கு மேல் எத்தனை பார் என்றுதான் பார்க்கும். ஹட்டனில் 1 பார் பூஸ்ட் என்றால் என்ஜினுக்குப் போகும் மொத்தம் 1.87. அதே வண்டி கொழும்புக்கு இறங்கினால், ஒரு திருகும் தொடாமலே 2.01. காற்றும் வெக்கை. நாங்கள் மேலே டியூன் பண்ணியபோது என்ஜின் எட்டியே பார்க்காத கட்டங்களுக்குள் கீழே போய் நிற்கும். அங்கே கலவை தானாக வெடிக்கும் 'நாக்' வந்தால், நான் ஒரு நாள் முழுக்கத் தேய்த்த ரிங்கும் காப்பாற்றாது.

அடுத்த நாள் விடியற்காலையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவரோடு இறங்கினேன். கினிகத்தேனையில் பனி விட்டது, கித்துல்கலையில் ஜன்னலை இறக்கினோம், அவிசாவளையில் வியர்த்தது. அங்கே ஒரு நாள் தங்கி, இக்னிஷனைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிய பிறகுதான் சாவி கைமாறியது.

நான் பஸ் ஏறித் திரும்பினேன். கராஜைத் திறந்ததும் அந்த அட்டையின் கீழே இன்னொரு வரி எழுதினேன்: 'அவிசாவளை பார்க்காமல் சாவி கொடுக்காதே.'