மடைச்சுழி

பிப்ரவரி 3, செவ்வாய்

சிக்கல் கண்மாயில் இன்னும் முழங்காலளவு தண்ணீர் கிடக்கிறது. மாலையில் மடையைத் திறந்திருந்தார்கள். பிளஸ் டூ பையன்கள் மூன்று பேர் கூட வந்தார்கள். தண்ணீர் சுழித்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஒருவன் கேட்டான்: "இது சுத்திச் சுத்தி உள்ள போயிருது. பூமி மட்டும் ஏன் சார் சூரியனுக்குள்ள போகலை?"

சுற்றுகிற பொருள் தன் கோண உந்தத்தை யாரிடமாவது கொடுத்தால்தான் உள்ளே விழும். பூமியிடம் வாங்கிக்கொள்ள ஆளில்லை என்றேன். "அப்ப கருந்துளைக்குள்ள வாயு எப்படி விழுது?" நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டில் உள்வளையம் வேகமாகச் சுற்றும், வெளிவளையம் மெதுவாகச் சுற்றும். இரண்டும் உரசும் என்றாலும் வாயுவின் இயல்பான உராய்வு மிகமிகச் சிறிது. 1973-இல் ஷக்குராவும் சுன்யேவும் தட்டுக்குள் கொந்தளிப்பு இருப்பதாகக் கொண்டு, அதற்கு ஆல்ஃபா என்று ஓர் எழுத்தை வைத்துக் கணக்கை நடத்தினார்கள். கொந்தளிப்பு எங்கிருந்து வருகிறது? ரேலியின் பழைய விதிப்படி, கோண உந்தம் வெளிப்பக்கம் கூடிக்கொண்டே போனால் சுழற்சி குலையாது. தட்டில் அப்படித்தான் கூடுகிறது.

விடை அதற்கு முன்பே அச்சாகியிருந்தது. 1959-இல் சோவியத்தில் வெலிகோவ். 1960-இல் நம் மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே மின்கடத்தும் திரவம், அச்சு நெடுகக் காந்தப்புலம். புலம் எத்தனை மெலிந்ததானாலும் ரேலியின் விதி செல்லாமல் போகிறது. சுழலும் வேகம் வெளிப்பக்கம் குறைந்தாலே போதும், ஓட்டம் குலையலாம். 1961-இல் புத்தகமாகவும் வந்தது. தட்டுக்கு அதைப் பொருத்திக் காட்டியவர்கள் பால்பஸும் ஹாலியும், 1991-இல். முப்பது வருஷம்! மெலிந்த புலம் என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டார்கள் போலும். எனக்கு மனசு ஆறவில்லை. 1995-இல் காலமான சந்திரசேகர் அந்த 1991-ஐக் காண இருந்தார் என்பது ஓர் ஆறுதல்.

பிப்ரவரி 5, வியாழன்

பையன்களுக்காக மணலில் இரண்டு வட்டம் கீறி, வட்டத்துக்கு ஒன்றாக இரண்டு கல் வைத்து, சைக்கிள் டியூப் கீற்றால் இணைத்தேன். உள்கல் முந்துகிறது, ரப்பர் அதைப் பின்னால் இழுக்கிறது. உந்தம் இழந்த கல் இன்னும் உள்ளே சரிகிறது, சரிந்ததும் வேகம் கூடுகிறது. முன்னால் இழுபட்ட வெளிக்கல்லோ விலகிப்போய் மெதுவாகிறது. ரப்பர் மேலும் நீள்கிறது, மேலும் இழுக்கிறது. ரப்பர் விறைப்பாக இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், ஒன்றும் நடக்காது. மெலிந்திருப்பதால்தான் நடக்கிறது. காந்தக் கோடுகள்தான் அந்த ரப்பர். பிரின்ஸ்டனில் திரவ உலோகத்தைச் சுழற்றி இதை ஆய்வகத்திலேயே கண்டதாக 2022-இல் அறிவித்தார்கள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

விடியக்காலை நாலரைக்குக் கண்மாய்க்கரை. தென்கிழக்கில் தேள் விண்மீன் கூட்டம் முழுதாக ஏறியிருந்தது. அதன் தலைப்பக்கம்தான் 1962-இல் ராக்கெட் அனுப்பிக் கண்டுபிடித்த எக்ஸ் கதிர் மூலம்: துணை விண்மீனின் வாயுவை இழுத்து விழுங்கும் நியூட்ரான் விண்மீன். கண்ணுக்குத் தெரியாது, பையன்களுக்கு இடத்தை மட்டும் காட்டினேன்.

திரும்பும்போது, மடையில் கேள்வி கேட்ட பையன் சொன்னான்: "எங்க தாத்தா களத்துல பிணையல் ஓட்டுனதைச் சொல்லுவாரு சார். அதுல இது நடக்காது. உள்மாடும் வெளிமாடும் ஒண்ணாத்தான சுத்தை முடிக்கும்? கயிறு இழுபடவே செய்யாது."

சந்திரசேகரின் நிபந்தனை அதுதான். நான் அதை அவனுக்கு இன்னும் எழுதிக்கூடக் காட்டவில்லை.