மான்தலை தைக்கும் கொட்டில்

அமெரிக்காவின் வடபகுதியில் உள்ள மாநிலங்களில் ஒன்று விஸ்கொன்சின். அதன் தென்மேற்கில் இருக்கும் வேர்னன் மாவட்டம் குன்றும் பள்ளத்தாக்குமான பிரதேசம். ஆதியில் மற்ற இடங்களைத் தேய்த்துத் தட்டையாக்கிய பனிப்பாறைகள் இந்தப் பகுதிக்கு மட்டும் வரவில்லையாம். எங்கும் பால்மாட்டுப் பண்ணைகளும் சோளக்காணிகளும், இடையிடையே காடும். மாநிலத் தலைநகரான மடிசனில் வசிக்கும் என் பெறாமகளிடம் போயிருந்தபோது, அங்கிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில் என்னை அங்கே கூட்டிச் சென்றாள். ஓர் இரவு தங்கினோம்.

அது நவம்பர் மாதக் கடைசி. துப்பாக்கியால் மான் வேட்டையாடுவதற்கு அரசு அந்த மாதத்தில் ஒன்பது நாட்களைக் குறித்திருக்கிறது. விடியற்புறம் முதல் வெடிச்சத்தம் கேட்டதும் என் உடம்பு தானாகவே ஒடுங்கிப் போனது. பெறாமகள் என் கையைப் பிடித்து, “அது மானுக்குச் சின்னம்மா, மனிசருக்கு இல்லை” என்றாள். வெளியே போனால் வேட்டைக்காரர்கள் கண்ணைக் கூசும் செம்மஞ்சள் உடுப்புடன் நின்றார்கள். ஆளை ஆள் மானென்று எண்ணிச் சுட்டுவிடாமல் இருக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 2016இலிருந்து இளஞ்சிவப்பு நிறமும் போடலாம். வேட்டைக்குப் போகும் பெண்களும் உண்டு.

தெருவோரத்தில் ஒரு சிறிய பலகை. அதைப் பார்த்துத் திரும்பினால் பண்ணை வீடு, பக்கத்தில் தகரக் கொட்டில். அங்கே ஒரு நடுத்தர வயது அம்மா மேசை விளக்கின் கீழ் தையல் வேலையில் இருந்தார். தைத்தது துணியை அல்ல, மானின் கழுத்துத் தோலை. வேட்டைக்காரர்கள் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோக, கொம்பும் தலைத்தோலும் அவரிடம் வருகின்றன. அவற்றைப் பாடம் செய்து, சுவரில் மாட்டக்கூடிய மான்தலையாக்கிக் கொடுப்பது அவருடைய தொழில்.

“உள்ளே எலும்பு இருக்குமா?” என்று கேட்டேன். பெறாமகள் மொழிபெயர்த்தாள். அவர் சிரித்துக்கொண்டு எல்லாவற்றையும் காட்டினார். தோளோடு சேர்த்துத் தோலை உரித்தெடுத்து, உதட்டையும் காதையும் கண்ணிமையையும் மெல்லிய கத்தியால் பிரித்து, உப்பிட்டு உலர்த்திப் பதனிடுகிறார்கள். மானின் கழுத்தும் முகமும் போலவே வார்த்த நுரை அச்சுகள் விலைக்கு வருகின்றன. எங்கள் ஊர் ரெஜிபோமை விடக் கெட்டியானவை. அதில் கண்ணாடிக் கண்களைப் பதித்து, சுற்றிக் களிமண் வைத்து, பசை பூசித் தோலைப் போர்த்தி, பிடரியில் மயிருக்குள் மறையும்படி தைக்கிறார்கள். சில வாரம் காய்ந்தபின் மூக்குக்கும் கண்ணோரத்துக்கும் வர்ணம். மானுக்குரியதாக மிஞ்சுவது தோலும் கொம்பும் மட்டுந்தான். ஒரு தலைக்கு எழுநூறு டொலர் அளவில் வாங்குவதாகச் சொன்னார். ஒன்பது நாளில் வந்து குவிவதைத் தைத்து முடிக்க ஒரு வருடம் செல்கிறதாம்.

கையுறை இல்லாமல் அவர் எதையும் தொடவில்லை. 2002இல் இந்த மாநில மான்களில் மூளையை அழிக்கும் ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து எலும்பையும் மூளையையும் கண்ட இடத்தில் எறிவதில்லை.

ஒரு மூலையில் காட்டு வான்கோழி ஒன்று தோகை விரித்து நின்றது. அதன் தோலைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் அலசி, தலைமயிர் உலர்த்தும் கருவியால் இறகு இறகாக உலர்த்த வேண்டும். தலையில் இறகில்லாத தோல் காய்ந்தால் சுருங்கி நிறமிழந்துவிடும். அதனால் பலர் வார்த்த தலையைப் பொருத்திச் சிவப்பும் நீலமும் தீட்டுகிறார்கள். இந்தப் பறவை 1881க்குப் பிறகு விஸ்கொன்சினில் இல்லாமலே போயிருந்தது. 1976இல் மிசூரி மாநிலத்திலிருந்து கொண்டுவந்து, இதே வேர்னன் மாவட்டக் காட்டில் விட்டார்கள். அவை பெருகின. 1983இல் மீண்டும் வேட்டைக்கு அனுமதி கிடைத்தது.

இது ஆண்களின் தொழில் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் இங்கிருந்து கிழக்கே பாரபூ என்ற ஊரில், 1860களில் மார்த்தா மக்ஸ்வெல் என்ற பெண் இதைப் பழகினார். பின்னர் கொலராடோ மலைகளில் தானே வேட்டையாடித் தானே பாடம் செய்து, 1876இல் பிலடெல்பியாவில் நடந்த பெரும் கண்காட்சியில் வைத்தார். ஒரு பெண் செய்தது என்பதைப் பலர் நம்பவில்லை. அவர் தன் காட்சிக்கு மேலே வைத்த பலகையில் இருந்தது ‘பெண்ணின் வேலை’ என்பதுதான்.

வெளிக்கிடும்போது அந்த அம்மாவிடம், “வீட்டில் வளர்த்த நாயைக் கொண்டுவந்தால் செய்து கொடுப்பீர்களா?” என்று கேட்டேன். அவர் ஊசியை வைத்துவிட்டு, “மாட்டேன்” என்றார். “மானைக் கொண்டு வருபவர் அதை உயிரோடு கண்டது சில நிமிடந்தான். நான் எப்படிச் செய்தாலும் அது அவருக்கு மான். நாயை அவர்கள் பத்து வருடம் பார்த்திருப்பார்கள். அது எப்படித் திரும்பிப் பார்க்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நான் செய்ததைக் கண்டு, இது எங்கள் நாய் இல்லை என்று அழுவார்கள்.” இத்தொழிலில் உள்ள பலரும் வளர்ப்புப் பிராணிகளை ஏற்பதில்லையாம்.

எங்களில் எத்தனை பேர், கையில் மிஞ்சிய ஒரே அடையாள அட்டைப் படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கியிருக்கிறோம்! ஸ்ரூடியோக்காரர் முகத்தைத் துடைத்து, வெள்ளைச் சேட்டும் போட்டுத் தருவார். பார்க்க வருபவர்கள் வடிவாக இருக்கிறது என்பார்கள். பெற்றவள் மட்டும் பேசாமல் நிற்பாள். அது அவனுடைய பார்வை இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் படத்துக்குப் பூ வைப்பாள்.

அறிந்த முகத்தை எந்தக் கைத்தொழிலாலும் திரும்பச் செய்ய முடியாது. அதை அந்தத் தொழிலில் தேர்ந்த ஒரு பெண்ணின் வாயாலேயே கேட்டேன். காசு வருகிறதே என்று அவர் அந்த வேலையை ஏற்கவில்லை. அதனால் அவர்மீது எனக்கு மதிப்புக் கூடியது.