கறுப்பு ஒஸ்ரின்

என் வீட்டு முன்னறையில் உள்ள கண்ணாடி அலுமாரியில், புத்தகங்கள் இருக்கவேண்டிய இடத்தில், அறுபத்திரண்டு சிறிய கார்கள் நிற்கின்றன. முதன்முறை வரும் நண்பர்கள் அவற்றைக் கண்டதும் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார்கள். அவை என்னுடையவை என்றதும் பேச்சை அரசியலுக்கு மாற்றிவிடுவார்கள். நாற்பது ஆண்டுகள் ஆசிரிய பீடங்களில் உழன்றவனுக்கு இப்படியும் ஒரு பித்தா என்று அவர்கள் எண்ணுவது முகத்தில் தெரியும்.

இந்தப் பித்துக்குக் காரணம் ஒரேயொரு கார். அது இந்த அறுபத்திரண்டில் இல்லை.

ஐயா யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். அவரிடம் இருந்தது ஒஸ்ரின் ஏ40 கேம்பிறிட்ஜ், கறுப்பு நிறம். 1960ஆம் ஆண்டளவில், இங்கிலாந்துக்குக் கப்பலேறும் ஒரு குடும்பத்தைக் கொழும்புத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிய ஐயா, எனக்கு ஒரு விளையாட்டுக் கார் கொண்டுவந்தார். என் சிறுவிரலளவு நீளம். ஐயாவின் காரைப் போலவே கறுப்பு. 'நெருப்புப்பெட்டிக் கார்' என்று அதனை வீட்டில் அழைத்தோம். ஊரில் மற்றப் பிள்ளைகள் நுங்குக் கோம்பையில் வண்டில் உருட்டியபோது, நான் கிணற்றுக் கட்டில் ஒஸ்ரின் ஓட்டினேன். அதில் ஒரு தனி மணம் இருந்தது. பின்னாளில் எந்தப் புதிய விளையாட்டுச் சாமானை மோந்து பார்த்தாலும் அந்த மணம் வரவில்லை என்பதில் எனக்கு ஏமாற்றம்.

1970க்குப் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. இத்தகைய கார்கள் கடைகளில் அருகிவிட்டன. 1977இல் கதவு திறந்தபோது நான் கொழும்பில் ஒரு நாளிதழின் உதவி ஆசிரியன். சிறிய காரின் நினைவு எங்கோ அடியில் கிடந்தது. கார் யாழ்ப்பாணத்து வீட்டில், அம்மாவின் தையற்பெட்டிக்குள் கிடந்தது. 1989இல் ஐயா காலமானார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அம்மா உடுத்த சேலையுடனும் ஒரு பையுடனும் தென்மராட்சிக்கு நடந்தார். அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டில் கதவு நிலைகளும் இருக்கவில்லை. தையற்பெட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கக்கூடிய விடயமா அது?

அந்தக் காலத்து யாழ்ப்பாணக் கார்களைப் பற்றி ஒரு சொல். பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடையாது. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்யில் ஓடின ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும். 2002இல் ஏ9 பாதை திறந்ததும் தென்னிலங்கையிலிருந்து சென்ற செய்தியாளர்கள் அவற்றை 'ஓடும் அருங்காட்சியகம்' என்று எழுதி வியந்தார்கள். அப்படியொரு தலைப்பு என் மேசைக்கும் வந்தது. வெட்டிவிட்டேன். வேறு வழியின்றி ஓடியவற்றை அருங்காட்சியகம் என்பது எனக்கு உவப்பாக இருக்கவில்லை.

அதற்கு முன்னரே, 1998இல், தொழில் நிமித்தம் லண்டன் செல்ல நேர்ந்தது. ஒரு சனிக்கிழமை போட்டபெல்லோ வீதிச் சந்தையில் சுற்றிக்கொண்டிருந்தபோது, மேசை நிறையச் சிறிய கார்களைப் பரப்பி வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் அகப்பட்டுக்கொண்டேன். அன்றிலிருந்துதான் சேகரிப்பு.

இக்கார்களின் வரலாறு சுவையானது. உருக்கிய துத்தநாகக் கலப்புலோகத்தை எஃகு அச்சினுள் அழுத்தத்துடன் செலுத்தி வார்க்கப்படுபவை இவை. லிவர்பூலில் பிராங் ஹோர்ன்பியின் மெக்கானோ நிறுவனம், விளையாட்டு ரயில்களுக்குத் துணையாக 1930களின் தொடக்கத்தில் சிறு வாகனங்களைச் செய்தது. 1934இல் அவை 'டிங்கி' என்று பெயர் பெற்றன. 1956இல் 'கோர்கி' வந்தது. யன்னல்களில் கண்ணாடி வைத்த கார் என்பதே அதன் விளம்பரம். 1965இல் அவர்கள் வெளியிட்ட ஜேம்ஸ் பொண்டின் தங்கநிற அஸ்டன் மார்ட்டினில், ஒரு விசையை அழுத்தினால் கூரை திறந்து ஆள் ஆசனத்திலிருந்து வெளியே பறப்பான். என்னிடமுள்ளதில் அந்த ஆள் இல்லை. ஏதோவொரு பிள்ளை பறக்கவிட்டுத் தொலைத்திருக்கிறது.

நெருப்புப்பெட்டிக் கார் லண்டனில் பிறந்தது. லெஸ்னி என்ற நிறுவனத்தின் பொறியியலாளர் ஜக் ஒடெல்லின் மகள் படித்த பள்ளிக்கூடத்தில், நெருப்புப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுச் சாமானை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். தந்தை பித்தளையில் ஒரு வீதி உருளையைச் சிறிதாகச் செய்து பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார் என்பது அந்நிறுவனம் பற்றி எப்போதும் சொல்லப்படும் கதை. 1953இல் அந்த வரிசை விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து 1968இல் வேகமாக ஓடும் 'ஹொட் வீல்ஸ்' வந்தபோது லெஸ்னி ஆட்டங்கண்டது. 1982இல் முறிந்தது. லிவர்பூல் தொழிற்சாலை அதற்கு முன்னரே, 1979இல், மூடப்பட்டுவிட்டது.

சேகரிப்போர் உலகத்துக்கென்று ஒரு தர்மம் உண்டு. மூலப் பெட்டியுடன் இருந்தால் விலை பன்மடங்கு. நிறம் சுரண்டப்பட்டிருந்தால் விலை சரியும். வேறு நிறம் பூசப்பட்டிருந்தால் அது குப்பை. ஒரு பிள்ளையும் தொடாத காரே உயர்ந்த கார் என்ற இந்தக் கணக்கை என்னால் முழுமையாக ஏற்க முடிந்ததில்லை. ஆனாலும் வாங்கும்போது நானும் பூதக்கண்ணாடியுடன்தான் குனிகிறேன். போருக்கு முந்திய டிங்கி ஒன்றைப் பெருமையுடன் வாங்கினேன். சில ஆண்டுகளில் தானாகவே வெடித்து உதிரத் தொடங்கியது. அக்காலத்துத் துத்தநாகத்தில் ஈயம் போன்ற அசுத்தங்கள் கலந்ததால் உலோகத்தையே உள்ளிருந்து தின்னும் நோய் அது. மருந்து கிடையாது.

சந்தை முதியவரிடம் நான் முதலில் கேட்டது கறுப்பு ஒஸ்ரினைத்தான். அவர் தலையாட்டினார். "கறுப்பில் வரவேயில்லை" என்றார்.

நான் வாதிட்டேன். கையில் வைத்து விளையாடியவன் நான் என்றேன். அவர் பொறுமையாக ஒரு விவரப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். 36ஆம் இலக்கம், ஒஸ்ரின் ஏ50, 1957. நீலமும் பச்சையும் கலந்த ஒரேயொரு நிறம். ஏ40க்கும் ஏ50க்கும் உடல் ஒன்றே, இயந்திரமே வேறு என்பதையும் அவர்தான் சொன்னார். உண்மையான நிறத்தில் ஒன்று அவரிடம் இருந்தது. வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

செய்தியாளனுக்கு நினைவு ஆதாரமல்ல என்று இளையவர்களுக்குப் பாடம் சொன்னவன் நான். நிலக்கீழ் ரயிலில் அந்தக் காரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் கறுப்புக் காரின் சில்லுகளின் ஓரத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது ஞாபகம் வந்தது. களிம்பு என்று நினைத்து மண்போட்டுத் தேய்த்திருக்கிறேன். முன்பக்கத்துக் கம்பிச் சட்டத்தில் கறுப்பு தடித்துக் கட்டியாக நின்றதும் ஞாபகம் வந்தது. அந்த மணமும்.

அன்றிரவு ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர்.

"உனக்குத் தெரியாதே தம்பி?" என்றார். "நீ ஐயாவின்ர கார்தான் உலகத்திலேயே கார் எண்டு நிண்டனி. கறுப்பு இல்லையெண்டா தொடமாட்டாய் எண்டு அவருக்குப் பயம். கராஜிலை மிஞ்சின பெயின்ற். முதல் தரம் வழிஞ்சு போச்சு, மண்ணெண்ணெய்யாலை கழுவிப்போட்டுத் திரும்பப் பூசினவர். நான்தான் விளக்குப் பிடிச்சனான். காயுமட்டும் மூண்டு நாள் உனக்குக் காட்டேல்லை."

நீண்ட தூரம் கார் ஓட்டி வந்தவர் இரவில் விளக்கடியில் குனிந்திருந்திருக்கிறார். பேச்சுக் குறைந்த மனிதர். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்டறிய இயலாத காலத்தில்தான் இது எனக்குத் தெரியவந்தது.

ஊர் திரும்பும்போது ஒரு சிறிய புட்டியில் கறுப்பு வர்ணமும் மெல்லிய தூரிகையும் வாங்கி வந்தேன். பூசினால் அந்தக் கார் குப்பையாகிவிடும் என்பதற்காக நான் தயங்கவில்லை. என் கைப்பூச்சு ஐயாவின் பூச்சாகாது. புட்டி திறக்கப்படாமலே உள்ளே உறைந்துபோயிருக்கும்.

அண்ணா இன்னொன்றும் சொன்னார். பின்பக்கத்தில் ஐயா குண்டூசி முனையால் தன் காரின் இலக்கத்தையும் வெள்ளையில் எழுதினாராம். நான் அதனை முற்றாக மறந்திருந்தேன். இலக்கம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். ஒரு கணமும் யோசிக்காமல் நான்கு எண்களையும் ஒப்புவித்தார். கையில் அகப்பட்ட ரயில் சீட்டின் பின்புறத்தில் குறித்துக்கொண்டேன். அலுமாரியின் இரண்டாவது தட்டில் அந்த நீலப்பச்சை ஒஸ்ரினுக்குக் கீழே இருப்பது அந்தச் சீட்டுத்தான்.