குரலுக்கேற்ற ஒலிவாங்கி



இல்லந்தோறும் வலையொலி பேசுவோர் பெருகிவரும் காலம் இது. நேரலை நடத்தும் இளைஞர்களும், குடும்பச் செய்திகளைப் பதிவுசெய்ய விழையும் பெண்களும் முதலில் கேட்பது, "எந்த மைக் வாங்கலாம்?" என்பதே. விலையை வினவுமுன் யாருடைய குரல், எந்த அறை என்னும் இரண்டையும் எண்ணிப் பாருங்கள்.

எங்கள் இல்லத்து அனுபவத்தையே கூறுகிறேன். என் உம்மா எண்பது வயதைக் கடந்தவர். பாட்டனார் கொழும்புக்குச் சபர் சென்ற காலத்துச் செய்திகள் இன்று அவருடைய நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. குரலோ ஆண்டுக்காண்டு மெலிந்து வருகிறது. அவற்றை வலையொலித் தொடராக்க என் ராத்தாவின் மகள் முன்வந்தாள். ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஒலிவாங்கிகளில் இரு வகைகள் முதன்மையானவை. கண்டென்சர் வகை மெல்லிய ஒலியையும் நுட்பமாகப் பற்றும். மின்விசிறியின் இரைச்சலையும், வெறுஞ்சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியையும் உடன் பற்றும். அமைதியான அறைக்கே அது ஏற்றது. டைனமிக் வகை வாயருகே வைத்துப் பேசுவதற்கு உரியது. 1966-இல் வெளிவந்த ஷூர் எஸ்.எம்.58 இவ்வகையினதே. நான்கு விரற்கடைத் தொலைவில் பேசினால் தெருவோசை பெரிதும் அடங்கிவிடும். யூ.எஸ்.பி. இணைப்புள்ளதை வாங்கினால் கணினியில் நேரே பொருத்தலாம். தனிக் கருவி தேவையில்லை.

கேள்வி கேட்கும் மருமகளுக்கு டைனமிக் போதுமானதாயிற்று. உம்மாவுக்கு அது பொருந்தவில்லை. நினைவு பொங்கும்போது அவர் பின்னே சாய்வார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். தொலைவு இருமடங்கானால் மைக்கை எட்டும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். அறையின் இரைச்சலோ குறையாது. "இன்னும் கிட்ட வாங்க உம்மா" என்று இடைமறித்தால் கதையே அறுந்துபோகும்.

எனவே அவருக்கு ஆடையில் பொருத்தும் சிறு மைக்கைத் தேர்ந்தேன். 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய எலக்ட்ரெட் முறையே இத்தகைய மைக்குகளுக்கு அடிப்படை. இதுவும் கண்டென்சர் இனமே. ஆயினும் எப்பக்கம் சாய்ந்தாலும் வாய்க்கு ஒரு சாண் தொலைவிலேயே இருப்பதால் குரல் முந்தி நிற்கிறது. முந்தானை உரசாத இடத்தில் பொருத்தினோம், விசிறியை நிறுத்தினோம், தரையில் ஜமுக்காளம் விரித்தோம். ஒரு நிமிடம் பதிவுசெய்து ஹெட்போனில் கேட்டுச் சரிபார்த்தோம். நேரலைக்கு இச்சோதனை இன்னும் இன்றியமையாதது. ஒலிபரப்பான பின் திருத்த வழியில்லை.

சற்று நேரத்தில் உம்மா மைக்கை மறந்தார். சொற்களுக்கிடையே அவர் விட்ட பெருமூச்சும் தெளிவாகப் பதிந்தது.

நேயர்களே! உங்கள் இல்லத்திலும் இத்தகைய குரல் இருக்கக்கூடும். உயர்ந்த கருவி வரட்டும் எனக் காத்திருக்க வேண்டா. கைப்பேசியையேனும் அருகில் வைத்து இன்றே பதிவுசெய்யத் தொடங்குங்கள். மைக்கைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.